நாலு ஜன்னல், அஞ்சு திரை

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு ஹனா போர்வைக்குள் ஒளிந்துகொண்டு அனுப்பிய குரல் செய்தி, ஏழு நிமிடம் நாற்பது விநாடி ஓடி முடிந்தது. அதில் இரண்டு நிமிடம் வெறும் மூச்சுச் சத்தம்.

"பேய்ப்படம் மாதிரியே இருக்கு லா," என்றான் குணாளன். "பேய் மட்டும்தான் கடைசி வரைக்கும் வரல."

"குணா, வாய மூடிட்டு அந்த மைலோவ புள்ளைகிட்ட குடு," என்றார் சபூரா.

குயின் ஸ்திரீட்டில் ஒரு மசாலைக் கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். கீழே மிளகாய் அரைத்தால் மேலே வருகிற எல்லாரும் தும்முவார்கள். சபூரா காப்புறுதிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பொய்க் கேசுகளைக் கண்டுபிடித்துவிட்டு, ஓய்வு பெற்றும் ஓயாமல் துப்பறிய உட்கார்ந்தவர். குணாளன் அவருடைய உதவியாளன். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும், பேசத் தெரியும், பேச்சை நிறுத்தத் தெரியாது.

பதினாறு வயது ஹனா மைலோவைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை. ராத்திரி இருட்டில் சுலபமாக வந்த வார்த்தை, ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் வர மறுத்தது.

"இன்னொரு தடவ சொல்லும்மா. மெதுவா."

"எங்கத்தா... இன்னைக்கு ரெண்டு மணிக்கு... நகைக்கடையில திருடப் போறாரு மாமி."

சொன்ன உடனே தன் வாயைத் தானே அடிக்கலாம் போலிருந்தது அவளுக்கு. அத்தா சுலைமான், வெளிச்சம் புகாத ஜன்னல் திரை, அதாவது பிளைண்ட், மாட்டுகிறவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் பாதிப் பேருக்கு அவர்தான் இருட்டு சப்ளை. ஒரு ஸ்க்ரூ மிச்சமானால்கூட திரும்பப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன். அப்படிப்பட்ட தகப்பன் மேலேயா திருட்டுப் பழி?

"போன வாரம் பள்ளிவாசல் சாலை பக்கத்துல ஒரு வீடு," என்று ஆரம்பித்தாள். "சுகுமாரன் அங்கிள் வீடு. அவரு நைட் ஷிஃப்ட். மாடி ரூமுக்கு பிளைண்ட் கேட்டாங்க. அத்தா டேப்ப புடிச்சாரு, நான்தான் அளவு எழுதினேன். நாலு ஜன்னல். நாலு பிளைண்ட். புதன்கிழம மாட்டியாச்சு."

"சரி."

"வெள்ளிக்கிழம அஞ்சாவது பிளைண்டுக்கு ஒரு அளவு குடுக்குறாரு. மூணு அடி, ரெண்டரை அடி. நேத்து அதையும் மாட்டிட்டு வந்துட்டாரு. அந்த ரூம்ல அஞ்சாவது ஜன்னலே இல்ல மாமி! நாலுதான். மிச்சம் இருக்குற செவுரு பூரா பக்கத்து வீட்டோட ஒட்டுச் செவுரு. பக்கத்து வீடு ராமசாமி நகைக்கடை. கீழ கடை, மேல அவங்க வீடு."

குணாளன் மெதுவாக விசிலடித்தான். "செவுத்துக்கு ஜன்னல் திரை. அடுத்து கூரைக்குக் கதவு கேப்பாங்க."

"அப்பறம் போன்ல பேசினாரு. 'ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு அந்தம்மா கெளம்பினதும் மெசேஜ் போடுங்க, பின்வாசல் வழியா வரேன், வெளிச்சம் மட்டும் வெளிய தெரியக்கூடாது'ன்னு. அப்பறம் இது." ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தாள். உள்ளே சுலைமானின் நீலச் சட்டை. முழங்கை முழுக்க வெள்ளைத் தூள். "செவுத்த ஒடைச்ச சுண்ணாம்பு."

சபூரா தூளைத் தொட்டு விரல்களுக்கிடையில் தேய்த்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். சட்டையை மேசைக் கண்ணாடி மேல் உதறினார். ஐம்பது காசு நாணயம் ஒன்றை உதிர்ந்த தூள் மேல் வைத்து விரலால் சுண்டினார். நாணயம் வழுக்கிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் குணாளனின் மடியில் விழுந்தது.

"சம்பளமா மேடம்?"

"அட்வான்ஸ்." சபூரா விரலைத் துடைத்துக்கொண்டார். "ஹனா, உங்கத்தா மாட்டி முடிச்சதும் போட்டோ எடுப்பாரா?"

எடுப்பார். எல்லா வேலைக்கும் எடுப்பார். அத்தா தொழுகைக்குப் போன நேரம் அஞ்சாவது பிளைண்டின் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள் ஹனா. திருடனைப் பிடிக்கத் தானே திருடியது போலிருந்தது அப்போது. படத்தில் வெற்றுச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பிளைண்ட், பாதி சுருட்டிய நிலையில் தொங்கியது.

"இந்தத் துணிக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல?"

"ஆமா. ஒரு பக்கம் காப்பி கலரு. இன்னொரு பக்கம் வெள்ளப் பூச்சு. வெள்ளப் பக்கம் எப்பவும் வெயில பாத்து இருக்கணும். அத்தா அதுல ரொம்ப கண்டிப்பு."

"இதுல வெள்ளப் பக்கம் எங்க பாக்குது?"

ஹனா படத்தைப் பெரிதாக்கினாள். சுருளின் ஓரம் தெளிவாகத் தெரிந்தது. "...செவுத்த."

"அப்ப அந்தச் செவுத்துக்குள்ள இருந்து வெளிச்சம் வருது," என்றார் சபூரா. "வேலை முடிஞ்சதும் உங்கத்தா என்ன செய்வாரு? சாமான எடுத்துட்டு உடனே கெளம்பிடுவாரா?"

"இல்ல. கதவ சாத்தி, லைட்ட அணைச்சிட்டு, அஞ்சு நிமிஷம் இருட்டுக்குள்ள நிப்பாரு. கண்ணு பழகின பொறகுதான் எங்க ஓட்டை இருக்குன்னு தெரியுமாம்."

"அதான். நாலு ஜன்னலும் தொறந்திருந்தப்போ ஒரு பயலுக்கும் தெரியல. நாலையும் மூடிட்டு நின்னாரு பாரு, அப்பத்தான் செவுத்துல ஒரு கோடு வெளிச்சம் தெரிஞ்சிருக்கு. நாலு திரை போட்டதாலதான் அஞ்சாவது தேவைப்பட்டுச்சு. அங்க ஒரு பழைய சின்னப் பலகைக் கதவு இருக்கணும். இந்த ஊர் கடைவீடெல்லாம் ஒரு காலத்துல ஒரே குடும்பத்துக்கு ரெண்டு மூணா இருந்ததுதான்."

ஹனா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஓட்டை இருக்கிறது. நகைக்கடைக்கு வழி இருக்கிறது. இந்த மாமி ஆறுதல் சொல்கிறாரா, கேசை உறுதி பண்ணுகிறாரா?

"மணி ஒண்ணே முக்கா," என்றான் குணாளன். "எங்கத்தா மாதிரி நெனச்சி சொல்றேன் தங்கச்சி, அழாத. தங்கம் வெல இருக்குற வெலையில திருடப் போறவன் ரெண்டரை அடி ஓட்டை போட மாட்டான். லோரி போற அளவுக்குப் போடுவான்."

"உனக்கு ஏதுடா அத்தா? உங்கப்பா பேரு முனியாண்டி," என்று சொல்லிக்கொண்டே சபூரா படியிறங்கினார்.

*

ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் போய்ச் சேர மணி ரெண்டரை ஆகிவிட்டது. சுகுமாரனின் மனைவி ரமணி கதவைத் திறந்ததும் முதலில் விரலைத்தான் உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. அவரு தூங்குறாரு."

"பிளைண்ட் கம்பெனிலேருந்து வர்றோம்கா," என்று குணாளன் கிசுகிசுத்தான். "வெளிச்சம் ஒழுகுதான்னு செக்கிங். இவங்க பெரிய மேடம். இது சுலைமான் அண்ணன் மக."

"தெரியுமே, அளவு எழுத வந்த புள்ள. வாம்மா." ரமணி அவர்களைப் பூனை நடையாக மாடிக்குக் கூட்டிப்போனார். அந்த வீடே பூனை நடைக்குப் பழகியிருந்தது. டிவி ஊமையாக ஓடியது. மிக்ஸியின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. அறைக் கதவில் சாமி படத்துக்கு மேலேயே 'திறக்காதே' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"கதவ தொறந்தா வெளிச்சம் உள்ள போயிடும், முழிச்சுக்குவாரு. காலைல சாப்புட்டுட்டு உள்ள போனா சாயந்திரந்தான் வருவாரு. பிளைண்ட் போட்ட பொறகு என்ன தூக்கம்ங்கிறீங்க! இருவது வருஷமா அவரு கொறட்டையில நான் தூங்கினதில்ல. இப்ப ஒரு சின்ன கொறட்டைகூட இல்ல!"

சபூராவும் குணாளனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொறட்டைய நிறுத்துற பிளைண்டா?" என்றான் குணாளன். "எங்கப்பாவுக்கு ரெண்டு எழுதிக்க தங்கச்சி. ஒண்ணு வாய்க்கு, ஒண்ணு மூக்குக்கு."

ஹனா சிரிக்கவில்லை. அவள் காதைக் கதவில் வைத்திருந்தாள். உள்ளே மூச்சுச் சத்தம் இல்லை. ஆனால் எங்கோ தூரத்தில், சுவருக்கு அந்தப்பக்கம்... டக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி... டக், டக்.

"அது என்னக்கா சத்தம்?" என்றார் சபூரா.

"பக்கத்து வீட்டுல. ஞாயித்துக்கெழமகூட எதையோ தட்டுறாங்க. யாரு போயி கேக்குறது? நானும் அந்த ஜெயலெட்சுமியும் பேசிக்கிறதில்ல."

"நகைக்கடைக்காரர் சம்சாரம்தானே? ஏன்?"

"ரெண்டு வருஷம் முன்னால தைப்பூசத்துக்கு ரெண்டு வீடும் சேந்துதான் தண்ணிப்பந்தல் போட்டோம். நான் மோரு, அவ பானகம். அவ மைக்க புடிச்சி, 'பக்தர்களே, மோர்ல உப்பு கூடிப்போச்சு, பானகம் குடிங்க'ன்னு சொன்னா பாருங்க. தண்ணிமலைக் கோயில் வரைக்கும் கேட்டுச்சு. அன்னையிலேருந்து அந்த வீட்டு வாசப்படிய நானும் மிதிக்கல, இவரையும் மிதிக்க விடல. அவளும் அப்படித்தான். பாவம், ரெண்டு ஆம்பளைங்களும் சின்ன வயசு கூட்டாளிங்க. ஆனா மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

சபூரா முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. காப்புறுதிக் கம்பெனியில் யாராவது பொய்யாக நொண்டிக்கொண்டு வந்தால் அவர் முகத்தில் வருகிற அதே சிரிப்பு.

அப்போதுதான் ஹனாவின் கைப்பேசி அதிர்ந்தது. அவள் பார்த்தாள். 

"மாமி... ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்."

"சொல்லு."

"நீங்க ராத்திரி பதில் போடலன்னு... காலைல ஆறு மணிக்கு... நகைக்கடை போர்டுல இருந்த நம்பருக்கு மெசேஜ் போட்டேன். பேரு போடல. 'இன்னைக்கு ரெண்டு மணிக்கு உங்க மாடிச் செவுத்து வழியா திருட வராங்க'ன்னு."

கைப்பேசியை நீட்டினாள். பதில் இப்படி இருந்தது: 'இப்பதான் பாத்தேன். புக்கிட் மெர்தாஜாம் போற வழியில பாலம் ஏறுறதுக்கு முந்தியே திரும்பி வந்துக்கிட்டிருக்கேன். போலீசும் வருது. யாரா இருந்தாலும் நல்லா இரு. ஜெயலெட்சுமி.'

குணாளனுக்கு முதல்முறையாகப் பேச்சு வரவில்லை.

"நல்ல காரியம் பண்ணின போ," என்றார் சபூரா. குரலில் கோபமில்லை, அவசரம் இருந்தது. "உங்கத்தா திருடல. அது எனக்கு மசாலைக் கடை மாடியிலயே தெரியும். ஆனா பூட்டின நகைக்கடை மாடியில, பின்வாசல் வழியா வந்து, செவுத்து ஓட்டை பக்கத்துல உக்காந்திருக்குற வேத்தாள போலீஸ் பாத்தா என்ன செய்யும்? மொதல்ல விலங்கு மாட்டும். அப்பறந்தான் கேக்கும்."

கீழே தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

விலங்கு என்ற சொல் ஹனாவின் காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அத்தாவின் கைகள் அவள் கண்ணுக்கு வந்தன. எப்போதும் பென்சில் கறை, ஸ்க்ரூ கீறிய தழும்பு. அவள் 'திறக்காதே' என்ற காகிதத்தைப் பார்த்தாள். கதவைப் பிடித்துத் தள்ளினாள்.

"ஐயோ, வெளிச்சம்!" என்று அலறினார் ரமணி. பகல் வேளையில் அந்த வீட்டில் எழுந்த முதல் சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே கிணற்று இருட்டு. குணாளன் கைப்பேசி விளக்கை அடித்தான். கட்டிலில் போர்வைக்குள் சுகுமாரன் நிம்மதியாகக் கிடந்தார். ரமணி போர்வையை இழுத்தார். நீளமான தலையணை இரண்டு, ஒன்றின் உச்சியில் ஒரு தேங்காய்.

"முடி வேற வச்சிருக்காரு," என்றான் குணாளன். பேச்சு திரும்பி வந்துவிட்டது.

ஹனா நேரே சுவருக்குப் போனாள். அஞ்சாவது பிளைண்டின் சங்கிலியைப் பிடித்து ஒரே இழுப்பு. திரை சுருண்டு மேலே ஏறியது. மஞ்சள் வெளிச்சம் சதுரமாக வந்து அறைக்குள் விழுந்தது.

அந்தப்பக்கம் ஒரு சின்ன அறை. தாழ்வாகத் தொங்கும் ஒரு பல்பு. அதற்குக் கீழே கேரம் பலகை. சுற்றி மூன்று ஆம்பளைகள். பனியனோடு சுகுமாரன், பட்டுக்கரை வேட்டியோடு ராமசாமி, கையில் ஸ்ட்ரைக்கரோடு, முழங்கை வரை அதே வழுக்குப் பௌடரோடு சுலைமான். மூவரும் ஐஸ்கிரீமைத் திருடித் தின்றபோது பிடிபட்ட பிள்ளைகள் மாதிரி அப்படியே உறைந்திருந்தார்கள்.

"ஹனா?" என்றார் சுலைமான்.

அவள் பதில் சொல்வதற்குள் அந்த அறையின் கதவு படாரென்று திறந்தது. அம்மிக் குழவியை ஓங்கியபடி ஜெயலெட்சுமி நின்றார். முதலில் புருஷனைப் பார்த்தார். அப்புறம் பலகையை. அப்புறம் சுவர் ஓட்டையை. ஓட்டைக்கு இந்தப்பக்கம் தேங்காயும் கையுமாக நின்ற ரமணியை.

 கீழேயிருந்து போலீஸ்காரரின் குரல் வந்தது. மேலே வரலாமா என்று மலாயில் கேட்டார்.

சபூரா ஓட்டையில் தலையை நீட்டினார். நிதானமாகச் சொன்னார்: "அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பதிலுக்குத்தான் டைம் இருக்கு. திருடன்னு சொன்னா இந்தப் பொண்ணோட அத்தா இன்னைக்கு லாக்கப்புல படுப்பாரு. ஆட்டம்னு சொன்னா, பேப்பர்ல போடுவாங்களோ இல்லியோ, கோயில்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ரெண்டு பொம்பளைங்களுக்குப் பயந்து செவுத்துக்குள்ள பூந்த கதைன்னு."

ஜெயலெட்சுமி ரமணியைப் பார்த்தார். ரமணி ஜெயலெட்சுமியைப் பார்த்தார். ரெண்டு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தையை யார் பேசுவது என்ற கணக்கு அந்தப் பார்வையில் ஓடியது.

"எலின்னு சொல்லுடி," என்றார் ரமணி.

ஜெயலெட்சுமி மாடிப்படிப் பக்கம் திரும்பினார். எலிதான் என்று மலாயில் குரல் கொடுத்தார். மூன்று. பெரிய எலி. இல்லையில்லை, வரவேண்டாம், பிடித்தாயிற்று, இனிமேல் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

கீழே சிரிப்பும், மோட்டார் கிளம்பும் சத்தமும் கேட்டன. ராமசாமி மூச்சு விட்டார். கொஞ்சம் சீக்கிரமாகவே விட்டுவிட்டார்.

"ரெண்டு வருஷமா ஞாயித்துக்கெழம மூட்டு வலின்னு வீட்டுல படுத்தவரு," என்றார் ஜெயலெட்சுமி, ஓட்டைக்கு அந்தப்பக்கமிருந்து ரமணியிடம்.

"இங்க தேங்காய்க்கு விசிறி விட்டிருக்கேன்," என்றார் ரமணி.

அதற்குமேல் அந்த ஆம்பளைகளுக்கு என்ன நடந்தது என்பதைச் சொன்னால் நாலு பக்கம் போதாது. ஹனாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அத்தா ஓட்டைக்கு அருகில் வந்து நின்றிருந்தார். அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் அவள்.

"யாரு லா அந்தம்மாகிட்ட திருடன்னு சொன்னது?" என்று பொதுவாகக் கேட்டார் சுலைமான்.

ஹனா சபூராவைப் பார்த்தாள். சபூரா ஜன்னல் பிளைண்டை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். குணாளன் தேங்காயை ஆராய்ந்தான். உதவிக்கு யாருமில்லை.

"நாந்தான் அத்தா."

"நான் திருடப் போறேன்னு நெனச்சியா?"

"ஆமா."

சுலைமான் கையிலிருந்த பௌடரைப் பேண்ட்டில் துடைத்தார். இன்னும் கொஞ்சம் பரவியதுதான் மிச்சம். கோபித்துக்கொண்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னத்த சொல்றது... மறைச்சவன் நான். நீ என்ன நெனச்சாலும் தகும்." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ பொறந்த அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில இல்ல. கேரம் போட்டி, அரை இறுதி. உங்கம்மா வலியில துடிச்சிக்கிட்டு போன் அடிச்சிருக்கா, நான் போன ஆஃப் பண்ணிட்டேன். வந்து பாத்தா நீ தொட்டில்ல இருக்கே. அன்னைக்கு ஸ்ட்ரைக்கர இனி தொட மாட்டேன்னு அவளுக்கு வாக்கு குடுத்தேன். பதினாறு வருஷம் தொடல. இந்த ஓட்டையில எட்டிப் பாக்குறேன், ராமசாமி அண்ணன் பலகையில தனியா ஆடிக்கிட்டிருக்காரு. கை சும்மா இருக்கல. இத எப்படி உன்கிட்ட சொல்றது?"

பல்பு லேசாக ஆடியது. ஹனாவுக்கு ராத்திரியெல்லாம் அழுத அழுகை வேறு, இப்போது கண்ணில் வந்தது வேறு.

சுலைமானின் கைப்பேசி அடித்தது. திரையில் பெயர் ஓட்டை வழியாகவே தெரிந்தது. ரோஹானா. அவளுடைய அம்மா.

அவர் போனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவருடைய உதடு 'வே...' என்று குவிவதை ஹனா பார்த்தாள். வேலையில இருக்கேன். அந்தச் சொல் வந்துவிட்டால், இனி அத்தா எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் சுவரைத்தான் எண்ணிக்கொண்டிருப்பாள். 

சுலைமான் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"எங்க இருக்கீங்க?" என்றார் ரோஹானா.

"ராமசாமி அண்ணன் வீட்டு மாடியில," என்றார் அவர்.  "கேரம் ஆடிக்கிட்டிருக்கேன் ரோஹானா."

 அந்தப்பக்கம் மீன் பொரிகிற சத்தம் மட்டும் வந்தது. இரண்டு வீட்டுப் பெண்களும் திட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். குணாளன் தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

கடைசியில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"தோத்துட்டு வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டு ரோஹானா போனை வைத்தார்.